ப்ளூஸ் பாட்டுக்கு எந்தத் தாள்?

சென்ற இதழில் ஆர்மோனியத்தின் துருத்தியைப் பழுது பார்ப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் ஒருவர், "தங்கள் வீட்டு ஆர்மோனியத்தில் இப்போதெல்லாம் வெள்ளைக்காரர் பாட்டு ஒலிப்பதாகக் கேள்வி. அதற்குரிய தாளை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றும் எழுதலாமே" என்று கடிதம் விடுத்திருக்கிறார். கேலியாக எழுதினாரோ, உண்மையிலேயே அறிய விரும்பினாரோ, நான் அறியேன். எவ்வாறாயினும் கேள்வி நல்ல கேள்வி. இம்மாதம் அதற்கே விடை கூற முற்படுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ப்ளூஸ் என்பது வெள்ளைக்காரர் பாட்டன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்த பின்னரும் பருத்தி வயல்களில் அரை வயிற்றுக்கு உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு அது. அம்மக்களில் பெரும்பாலோர்க்குத் தாளும் இல்லை, தாளைப் படிக்கும் வசதியும் இல்லை. பாட்டு வாயிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து வாய்க்குமாகப் பரவியது.

அது தாளில் ஏறிய வரலாறு ஒரு ரயில் நிலையத்தில் தொடங்குகிறது என்று அறிந்தபோது, பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாகிய எனக்கு உண்டான மகிழ்ச்சியை என்னென்பேன்! டபிள்யூ. சி. ஹாண்டி (1873-1958) என்பவர் முறையாக இசை கற்ற கறுப்பினத்தவர். பாண்டு வாத்தியக் குழுவை நடத்தி வந்தவர். 1903-ஆம் ஆண்டு வாக்கில், மிஸிஸிப்பி மாநிலத்து டட்வைலர் என்னும் சிற்றூர் நிலையத்தில், ஒன்பது மணி நேரம் தாமதமான ரயிலுக்காகக் காத்திருந்து கண்ணயர்ந்துவிட்டார். (ஒன்பது மணி நேரம்! நம் பக்கத்துப் பிரயாணிகளாயின் ஸ்டேஷன் மாஸ்டரை என்ன பாடு படுத்தியிருப்பார்களோ.) அப்போது கந்தலுடுத்த ஒருவன் அருகிலிருந்து, கிதாரின் தந்திகள்மேல் ஒரு கத்தியை அழுத்தி இழைத்து வாசித்துக்கொண்டே பாடினான். இரண்டு ரயில் பாதைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஓரிடத்துக்குப் போகிறேன் என்பதே பாட்டின் பொருள். அந்த ஒரே அடியை மூன்று முறை பாடினான். அதுபோன்ற விசித்திரமான இசையை அதற்குமுன் கேட்டதில்லை என்று ஹாண்டி 1941-இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் குறித்திருக்கிறார்.

பின்னர் அவ்வகைப் பாட்டுகளைத் தாமே எழுதி அச்சேற்றினார்: 1912-இல் 'மெம்பிஸ் ப்ளூஸ்', 1914-இல் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'. முன்னதன் உரிமையைச் சிறு தொகைக்கு விற்றுவிட்டார். அதைக் கொண்டு பிறர் பெரும்பொருள் ஈட்டியதைக் கண்டு நொந்து, பின்னதைக் கூட்டாளி ஒருவரோடு தொடங்கிய சொந்தப் பதிப்பகத்தின் வழியே வெளியிட்டார். அந்த நிலையத்தில் பாடியவனுடைய பெயர் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

நிற்க. எங்கள் வீட்டில் இப்பாட்டு நுழைந்த கதைக்கு வருகிறேன்.

என் தங்கைக்கு வயது இருபத்திரண்டு. தந்தையார் மறைந்தபின் எங்களோடு கரக்பூரில் வசிக்கிறாள். சிறு வயது முதல் கர்நாடக இசை பயின்றவள். எங்கள் காலனியில் ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். (2022 முதல் அப்பதவிக்கு ரயில் மேலாளர் என்று பெயர் மாறிவிட்டது, அவர் அதை ஒப்புக்கொள்வதில்லை.) மாலை வேளைகளில் அவர் தம் பழைய பியானோவில் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு, காலனியின் குளிர்கால விழாவில் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாட வேண்டும் என்ற ஆசை இவளுக்கு எழுந்தது. நானும் கைபேசியில் தேடி, முதலில் கண்ணில் பட்ட தாளை விலை கொடுத்து வாங்கி அச்செடுத்துத் தந்தேன். அட்டை மிக அழகாயிருந்தது. அது எந்தக் குரலுக்கு எழுதப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பத்து நாட்கள் தாளில் கண்டவாறே விடாமல் பாடினாள். பதினோராம் நாள் காலையில், "அண்ணா, காப்பி" என்ற சொல்கூட வெளிவரவில்லை. மூன்று வாரம் வாய் திறந்து பாடலாகாது என்று மருத்துவர் கட்டளையிட்டார். விழாவுக்கோ ஐந்து வாரமே இருந்தது. அதனினும் பெரிய அச்சம், குரல் பழையபடி திரும்புமா என்பது. தாயார் என்னை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பெரியவரிடம் தாளைக் கொண்டு காட்டினேன். சிவப்புப் பென்சிலை எடுத்து, பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை ஒரு வட்டமிட்டார். மிகத் தாழ்ந்த சுரத்தை மற்றொன்று. "உன் தங்கையின் எல்லைகள் எவை?" என்று கேட்டார். அவள் சுருதி 5½ கட்டை; தார ஸ்தாயியில் பஞ்சமம் வரை சிரமமின்றிப் பாடுவாள். தாளின் உச்ச சுரமோ ஐந்து கோடுகளில் மேற்கோட்டின்மீது அமர்ந்திருந்த எஃப். அவள் கணக்கில் அது தார ஸ்தாயிச் சதுச்ருதி தைவதம். அதைத் தொட்டு மீண்டாலும் பாதகமில்லை. பாட்டு அங்கேயே நின்று நின்று முழங்குவது. பத்து நாளும் குழந்தை தன் எல்லைக்கு மேலேயே கத்தியிருக்கிறாள்.

ஆகவே தாள் வாங்குவோர் முதலில் செய்ய வேண்டியது இதுவே. பாட்டின் பெயரையும் அட்டையையும் பின்னர் பார்க்கலாம். உச்ச சுரம் எது, தாழ்ந்த சுரம் எது, பாட்டு பெரும்பாலும் எந்தப் பகுதியில் உலவுகிறது என்ற மூன்றையும் உங்கள் ஆர்மோனியத்தில் தொட்டுப் பாருங்கள். ஒரு கட்டை என்பது அவர்களுடைய சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. பொருந்தாவிட்டால் அந்தப் பாட்டையே கைவிட வேண்டுவதில்லை. வேறு சுருதியில் அச்சிட்ட தாளைக் கேளுங்கள். இணையத்தில் விற்போர் பலர் வாங்குமுன் சுருதியை மாற்றிக்கொள்ள இடம் தருகிறார்கள். எங்கள் தாளைப் பெரியவர் கையாலேயே நான்கு அரைச் சுரங்கள் இறக்கி எழுதித் தந்தார். உச்சம் தார ஸ்தாயிச் சுத்த மத்தியமத்துக்கு வந்தது.

இனித் தாள்களின் வகைகள். பியானோவுக்கும் குரலுக்குமாக விரிவாக எழுதிய தாள் ஒன்று. இதில் பல பதிப்புகளில் பியானோவின் வலக்கை, பாடகர் பாடும் மெட்டையே கூடவே வாசித்துச் செல்லும். பயிற்சிக்கு அது துணை போலத் தோன்றும். ப்ளூஸுக்கு அது இடையூறு. பாடகி ஒரு சொல்லைச் சற்றுத் தாமதித்துச் சொல்ல விரும்புகையில், பியானோ அவளுக்கு முன் போய் நிற்கும். மெட்டை ஒற்றை வரியில் எழுதி, கீழே சொற்களும் மேலே கார்ட் குறிகளும் மட்டும் தரும் சுருக்கத் தாள் மற்றொன்று. (கார்ட் என்றதும் பச்சைக் கொடியும் விசிலும் நினைவுக்கு வரவேண்டாம், சுரங்களைச் சேர்த்து ஒருங்கே ஒலிப்பதை அவ்வாறு அழைக்கிறார்கள்.) பாட விரும்புவோர்க்கு நான் பரிந்துரைப்பது இந்தச் சுருக்கத் தாளையே. மூன்றாவது, ஒரு பழைய இசைத்தட்டைக் கேட்டு, பாடகர் இழுத்ததையும் வளைத்ததையும் விடாமல் எழுதிய தாள். ஆராய்ச்சிக்கு அது அருமை. ஆயின் அதை வைத்துக்கொண்டு பாடுவோர் புள்ளிகளை எண்ணுவதிலேயே மூச்சு முட்டுவர்.

சுருக்கத் தாள் போதும் என்று நான் துணிந்து கூறுவதற்குக் காரணம், இப்பாட்டுகள் பெரும்பாலானவற்றின் கட்டுமானம் ஒன்றே என்பது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனத்தை அவர்கள் 'பார்' என்பர்; நம் சதுச்ர ஏகதாளத்தை எண்ணிக்கொள்க. பன்னிரண்டு பார் சேர்ந்தது ஒரு பத்தி. முதல் நான்கில் ஷட்ஜத்தை அடியாகக் கொண்ட கார்ட். அடுத்த இரண்டில் மத்தியமம். மீண்டும் இரண்டு ஷட்ஜம். பின் பஞ்சமம் ஒன்று, மத்தியமம் ஒன்று, முடிவில் ஷட்ஜம் இரண்டு. இதில் சிறு மாறுதல்கள் வருவதுண்டு. முதலடியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவதாக அதற்கு மறுமொழி போல ஓரடி பாடுவார்கள். ஆளுக்கு நான்கு பார். 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' மட்டும் இடையில் ஹபனேரா நடையில் பதினாறு பார் கொண்ட பகுதி ஒன்றைப் பெற்றிருக்கிறது. அங்கே எண்ணிக்கையைத் தவறவிடாதிருக்கத் தாள் மிகவும் உதவியது.

நான்கு பாரில் சொற்கள் ஏறத்தாழ இரண்டு பாரிலேயே முடிந்துவிடும். எஞ்சியது வாத்தியத்துக்குரியது. தாளில் அங்கே மௌனக் குறிகளே காணப்படும். என் தங்கையோ, வெறுமையாக விடலாகாது என்று அங்கெல்லாம் ஓர் ஆலாபனை செய்து நிரப்பினாள். "நீ கேள்வி கேட்டுவிட்டாய். பதில் வர விடு" என்றார் பெரியவர்.

இனி, தாளில் எழுத முடியாத பகுதிக்கு வருகிறேன். ப்ளூஸின் காந்தாரம் சாதாரண காந்தாரமுமன்று, அந்தர காந்தாரமுமன்று. இரண்டுக்கும் இடையே எங்கோ நிற்பது. நிஷாதமும் கைசிகியின் பக்கமாகத் தாழும். சிலர் பஞ்சமத்தையும் பிரதி மத்தியமத்தை நோக்கிச் சாய்ப்பர். ஐந்து கோட்டில் இடைச் சுரத்துக்கு இடமில்லாததால், அச்சிடுவோர் ஃப்ளாட் குறியொன்றை இட்டு நிறுத்திவிடுவர். பியானோவிலும் ஆர்மோனியத்திலும்கூட அந்த இடம் இல்லை. பியானோக்காரர்கள் இரு காந்தாரங்களையும் அடுத்தடுத்து நெருக்கி அழுத்தி ஒருவாறு சமாளிக்கிறார்கள். தொண்டைக்கு மட்டுமே அது எளிது. நம்மவர்க்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904-இல் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யை வெளியிட்டபோது கமகங்களுக்கெல்லாம் தனிக் குறிகள் இட்டார். அப்படியிருந்தும் ஆசான் வாயால் கேளாமல் அவற்றைப் பாடிவிட முடியுமா?

ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை. இடைச் சுரம் என்றதும் இவள் கரகரப்ரியாவின் காந்தாரத்தை அசைத்துப் பாடினாள். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். ப்ளூஸில் அசைவு இல்லை. கீழிருந்து இழைந்து ஏறி, அங்கே சாய்ந்து நின்று, பின் தளரும்.

காலப் பிரமாணமும் இவ்வாறே. தாளில் இரண்டு சமமான அரை எண்ணிக்கைகளாக எழுதியிருப்பதைப் பல பாட்டுகளில் நெடிலும் குறிலுமாகப் பாட வேண்டும்: எண்ணிக்கையைத் திச்ரமாகப் பிரித்து, முதல் இரண்டை ஒன்றாகச் சேர்த்தது போல. தாளின் தலைப்பில் 'ஸ்விங்' அல்லது 'ஷஃபிள்' என்று ஒரு சொல் இருந்தால் பொருள் அதுவே. எங்கள் இலாகாவின் அட்டவணையில் வண்டி எத்தனை மணிக்கு எந்த நிலையம் என்பது இருக்கும்; ஏற்றத்தில் ஓட்டுநர் எவ்வாறு இழுத்தார் என்பது இராது.

அதற்குக் கேட்டல் வேண்டும். பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் இதே பாட்டைப் பதிவு செய்திருக்கிறார். கார்னெட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். உடன் ஒலிப்பது பியானோ அன்று, ஆர்மோனியம்! ஃப்ரெட் லாங்ஷா வாசித்தது. இதைக் கேட்ட அன்று என் தங்கை முதன்முறையாகச் சிரித்தாள். பாட அனுமதியில்லாத அந்த மூன்று வாரமும் அவள் செய்தது இதுதான்: தாளை மடியில் வைத்துக்கொண்டு இசைத்தட்டைக் கேட்பாள்; பெஸ்ஸி தாளை விட்டு விலகும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடிடுவாள். மூன்றாம் வாரத்தில் தாள் முழுவதும் கோடாகியிருந்தது. ராபர்ட் ஜான்சன் 1936-லும் 1937-லும் பதிவு செய்தவற்றைத் தாளோடு ஒப்பிட்டால் இன்னும் வியப்பு. அவர் பன்னிரண்டு பாரைக்கூட ஒழுங்காகக் காப்பதில்லை. மனம் விரும்பிய இடத்தில் எண்ணிக்கையை நீட்டிக்கொள்வார். பல பதிப்பாளர்கள் அதையெல்லாம் நேராக்கி அச்சிட்டிருக்கிறார்கள். நேராக்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. பயில்வோர்க்கு அது வேண்டும். ஆனால் நேராக்கியது என்று தெரிந்துகொண்டு பயில வேண்டும்.

பொருட்செலவு பற்றியும் ஒரு சொல். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆக்கியோன் மறைந்து அறுபதாண்டு கழிந்தால் உரிமை நீங்கும். ஹாண்டி மறைந்தது 1958; ஆகவே அவர் தாமே எழுதிய பாட்டுகள் 2019 தொடக்கத்திலிருந்து இங்கே எவர்க்கும் பொது. பழைய அச்சுத் தாள்களை நூலகங்கள் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. நான் விலை கொடுத்தது பிறரொருவர் அண்மையில் செய்த விரிவுக்கு. அவருடைய உழைப்புக்கு அவர் விலை கேட்பது முறையே. எனக்கு அந்த விரிவு தேவையாயிருக்கவில்லை, அவ்வளவுதான்.

குரல் திரும்பியது. முதல் நாள் ஐந்து நிமிடம், மறுநாள் பத்து என்று ஏற்றினோம். விழாவன்று பெரியவர் பியானோவை மேடைக்குக் கொண்டுவர இயலாமையால் நம் வீட்டு ஆர்மோனியத்தையே வாசித்தார். அவள் இரண்டாம் முறை பாடிய அடி, முதல் முறை பாடியது போல் இல்லை. மௌனங்களை நிரப்பவும் இல்லை. முன் வரிசையில், நம் பஜனை கோஷ்டியை நடத்தும் மாமா அமர்ந்திருந்தார். "ஒப்பாரியை மேடையேற்றுகிறீர்களா?" என்று முந்திய வாரம் என்னைக் கேட்டவர் அவரே. பாட்டு முடிந்ததும் எழுந்து வந்து, "அம்மா, அந்தக் காந்தாரத்தை எங்கே வைத்தாய்? இன்னொரு முறை பாடு" என்றார். அவளுக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. மேடைக்குப் பின்னால், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே நின்று, அந்த ஓரடியை மட்டும் மெல்லப் பாடிக் காட்டினாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.