சீசன் விலைக்கு வீடு வாங்காதீங்க

பதிவு கொஞ்சம் நீளம். உல்லையிலோ பொத்துவிலிலோ நடுத்தர விலையில் ஒரு வீடு வாங்கவோ, இருக்கிற வளவை விற்கவோ யோசிக்கிறவர்கள் தயவுசெய்து முழுசா வாசியுங்கள்.

"அறுகம்பேப் பக்கம் கைக்கடக்கமா ஒரு வீடு பார்த்துத் தர ஏலுமா சேர்?" என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். நம்மட ஊரில் புதுசாக் குடும்பமான பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் என்னுடைய பதில் ஒன்றுதான். வாங்குங்கள், ஆனால் சீசன் விலைக்கு வாங்காதீர்கள்.

சீசன் விலை என்றால் என்ன? புரோக்கர் ஒரு கணக்குச் சொல்வார். "ஒரு ரூமுக்கு ஒரு இரவு 10,000 என்று வைங்க, வருசத்துக்கு 36 இலட்சத்துக்கு மேல வரும்." 365 நாளால் பெருக்கினால் அப்படித்தான் வரும். ஆனால் சேர்ஃப் விளையாட ஆட்கள் வருவது ஏறத்தாழ ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை. அதில் 180 இரவைப் பிடித்து, பாதி நாள் ரூம் நிறைந்தது என்றால் 90 இரவு, 9 இலட்சம். அதிலிருந்து இணையத்தளத்தின் கொமிஷன், கரண்ட் பில், துப்புரவு, பெயின்ட், உப்புக்காற்றில் துருப்பிடிக்கிற கேற்றும் ஏசியும் எல்லாம் கழிய வேண்டும். 36 இலட்சக் கணக்கை வைத்து விலை சொன்ன வீட்டை, 9 இலட்சம்கூடக் கையில் நிற்காத கணக்கில் வாங்கினால் கடன் எப்படி அடைபடும்? இது உதாரணக் கணக்குத்தான். உங்கள் இலக்கங்களைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, இடம். உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை சட்டப்படி கரையோர வலயம். களப்புப் பக்கத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. அந்த வலயத்துக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், பிரதேச சபையின் அனுமதி மட்டும் போதாது. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றர் தடை போட்டார்கள், பின்னர் தளர்த்தினார்கள். சட்டம் இறுகும், தளரும், கடல் அதைப் பார்த்து வராது. 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தத் தெருவில் உள்ள மூத்த ஒருவரிடம் கேளுங்கள். எந்த வரைபடத்தையும் விட அது பெறுமதியான தகவல். என்னைக் கேட்டால், குடியிருக்க வீடு வாங்குகிற குடும்பம் மெயின் வீதிக்கு உள்பக்கம்தான் பார்க்க வேண்டும். விலையும் குறையும், இரவில் பிள்ளைகள் நித்திரையும் கொள்ளலாம்.

இரண்டாவது, காலம். எல்லோரும் ஜூலையில் வந்து வீடு பார்க்கிறார்கள். வெயிலில் எல்லா வீடும் அழகுதான். ஜூலையில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்குதா என்று பாருங்கள். டிசம்பர் மாரியில் திரும்ப வந்து, வளவில் தண்ணீர் நிற்குதா, பாதையால் ஓட்டோ போகுதா, மலசலகூடக் குழி நிரம்புதா என்று பாருங்கள். இரண்டு தடவையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, பத்திரம். நம்மட பகுதியில் "காணி இருக்கு" என்பதும் "உறுதி இருக்கு" என்பதும் ஒன்றல்ல. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணியையோ அளிப்புப் பத்திரக் காணியையோ பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. முத்திரைத் தாளில் நாலு சாட்சி வைத்து எழுதினாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. மலிவாகக் கிடைக்குது என்று வாங்குவது பல நேரம் இதைத்தான். உறுதிக் காணி என்றால் குறைந்தது 30 வருடப் பதிவுகளைச் சட்டத்தரணி மூலம் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். வாப்பா மௌத்தாகிப் பங்கு பிரிக்காத காணி என்றால் ஒரு மகன் மட்டும் கையொப்பமிட்டால் போதாது. கட்டாரில் இருக்கிற தம்பியும், கலியாணம் முடித்துப் போன ராத்தாவும் பங்குக்காரர்தான். வட்டியில்லாத முறையில் வங்கி மூலம் வாங்கினாலும் வங்கி முதலில் கேட்பது உறுதியைத்தான்.

நாலாவது, கைச்செலவு. ஒரு கோடிக்கு விற்பனை உறுதி எழுதினால் முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். மொத்தம் 399,000 ரூபாய். சட்டத்தரணி, நிலஅளவை, புரோக்கர் செலவு வேறு. இதைச் சேர்க்காமல் பட்ஜெட் போடாதீர்கள்.

இனி விற்கிறவர்களுக்குக் கொஞ்சம்.

கிழக்கில் நம்மட வழக்கம் எல்லோருக்கும் தெரியும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். அந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறு பதிவுக்குரிய விசயம். ஆனால் அது இருக்கும் வரைக்கும் ஒரு பேர்ச் காணி என்பது ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கை. மூத்த மகளின் வீட்டை முடிக்க உல்லைக் காணியை விற்கிற வாப்பா, இளைய மகளுக்கு அதே ஊரில் அரைவாசிக் காணிகூட வாங்க முடியாமல் நிற்பார். ஏனென்றால் அவர் விற்ற விலையே அடுத்த வளவின் விலையைக் கூட்டிவிடும்.

விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நோயும் கடனும் யாருக்கும் வரும். உல்லாசப் பயணம் நம்மட ஊருக்குச் சோறு போடுகிறது, ஓட்டோக்காரருக்கும் மீன்காரருக்கும் கடைக்காரருக்கும் அது தெரியும். நான் சொல்வது, விற்பதற்கு முன் குத்தகைக்குக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். காலம் எழுதி, வாடகை கூடும் முறை எழுதி, முடிவில் கட்டிடம் யாருக்கு என்று எழுதி, சட்டத்தரணி முன் பதிந்த குத்தகையில் காணி உங்கள் பிள்ளைக்கே மிஞ்சும்.

இன்னொன்று. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு இங்கே காணியை எழுதிக் கொடுக்க முடியாது, 99 வருடம் வரை குத்தகைக்குக் கொடுக்கலாம். அதனால் "உங்கட பெயரில் எழுதுவோம், காசு அவர் தருவார்" என்று யாராவது வந்தால் பெயர் கொடுக்காதீர்கள். பிரச்சினை வந்தால் நீதிமன்றத்தில் நிற்பது உங்கள் பெயர்.

இதெல்லாம் ஒரு வாத்தியாருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வெளியூரிலிருந்து நம்மட பாடசாலைகளுக்கு நியமனம் பெற்று வருகிற ஆசிரியருக்கு ஜனவரியில் வாடகை வீடு கிடைக்கும். ஏப்ரலில் "சேர், சீசன் வருது" என்று வீட்டுக்காரர் சொன்னால் அவர் எங்கே போவார்? இடமாற்றம் கேட்பார். கணித பாடத்துக்கு ஆள் இல்லை என்று பிறகு நாமே மகஜர் கொடுப்போம். குடியிருக்க வீடு இல்லாத ஊரில் ஆசிரியர் நிற்கமாட்டார், தாதி நிற்கமாட்டார், நம்மட படித்த பிள்ளைகளும் நிற்கமாட்டார்கள்.

பிரதேச சபை உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடற்கரைப் பக்கம் காட்டுகிற அக்கறையில் கொஞ்சத்தை உள்வீதிகளுக்கும் காட்டுங்கள். வடிகானும், தெருவிளக்கும், குழாய்த் தண்ணீரும் உள்ளே வந்தால் நடுத்தர விலையில் வீடு தேடுகிற குடும்பம் அங்கே போகும். பள்ளிவாசல் நிருவாகங்கள் வருசத்தில் ஒரு நாள் ஒரு சட்டத்தரணியை அழைத்து, மக்களின் காணிப் பத்திரங்களை இலவசமாகப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்யலாம். பெரிய செலவில்லை, பெரிய நன்மை.

ஊரில் வீடு வாங்க நினைக்கிற ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால் இதை அவருக்கு அனுப்பி வையுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.