57 அடியும் ஒரு சின்னக் காயும்

பெங்களூருல வேலை பார்க்கிற நம்ம ஆளுங்க நிறையப் பேர் சனி ஞாயிறுல சிரவணபெளகொளா போயிட்டு வந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்றாங்க: "57 அடி, ஒரே கல்லு!"

உண்மைதான். கங்க அரசில் அமைச்சரா இருந்த சாமுண்டராயர் கி.பி. 980-களில் செய்வித்த சிலை. அதை யாரும் மேலே தூக்கிட்டுப் போகல. விந்தியகிரி உச்சியில இருந்த பாறையையே செதுக்கிட்டாங்க. செருப்பைக் கீழேயே கழட்டிட்டு 600-க்கும் மேல படி ஏறணும். வெயில் ஏறினா பாறை சுடும், காலையிலேயே போயிடுங்க. முடியாதவங்களுக்கு டோலி இருக்கு.

ஆனா மேலே போய் முகத்தை மட்டும் பார்த்துட்டு இறங்கிடாதீங்க. காலைப் பாருங்க. இரண்டு பக்கமும் புத்து, அதுல பாம்பு. தொடை வழியா தோள் வரைக்கும் குருக்கத்திக் கொடி. அண்ணன் பரதனோட சண்டையில ஜெயிக்கிற நேரத்துல நாடே வேண்டாம்னு விட்டுட்டு, அசையாம தவத்துல நின்னவர் பாகுபலி. எத்தனை நாள் நின்னார்னு சொல்ல சிற்பிக்கு எழுத்து தேவைப்படல. ஒரு போகம் உழாம போட்ட காட்டைப் பார்த்தவனுக்கு அந்தக் கொடியும் புத்தும் உடனே புரியும். (எழுத்தும் இருக்கு. சாமுண்டராயர் செய்வித்தார்னு காலடியில கன்னடத்திலயும் தமிழ்லயும் வெட்டியிருக்கு. தேடிப் பாருங்க.)

எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது வாசலுக்கு வெளியே, எதிர்ல நிக்கிற குள்ளகாய் அஜ்ஜி. சின்னச் சிலை. சாமுண்டராயர் குடம் குடமா பால் ஊத்தியும் அது சிலையோட பாதத்துக்கு வந்து சேரலையாம். ஒரு கிழவி கத்தரி இனத்துக் காய் ஒண்ணைக் குடைஞ்சு, அந்த ஓட்டுல கொண்டு வந்த பாலை ஊத்தினா, பாதம் நனைஞ்சு மலையே வழிஞ்சுதாம். வந்தது தேவின்னும் சொல்வாங்க. எனக்கு அது கிழவியாவே இருந்துட்டுப் போகட்டும். எங்க ஊர் பால் சொசைட்டிக்கு விடியக்காலையில தூக்குப்போசியில ஒன்றரை லிட்டரோட வர்ற ஆத்தாக்களை நான் தினம் பார்க்கிறேன்.

இன்னிக்கு எங்க பார்த்தாலும் உசரப் போட்டி. மலேசியா பத்துமலை முருகன் 140 அடி, 2006-ல. 2022-ல சேலம் மாவட்டத்து முத்துமலை முருகன் 146 அடி. பக்தியைக் குறை சொல்லல, நானும் கும்பிடுறவன்தான். ஆனா அந்த ஆறு அடி யாருக்காக? சிரவணபெளகொளாவிலயும் 12 வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற மகாமஸ்தகாபிஷேகத்துல முதல் கலசம் கோடிக்கணக்குல போகுது. கடைசியா 2018-ல நடந்தது. பால், கரும்புச் சாறு, மஞ்சள், சந்தனம்னு எல்லாம் மேலேயிருந்து கொட்டும். அதுல பாதி விளைஞ்சது யாரோ ஒரு சம்சாரி காட்டுல. பால் வீணாகுதுன்னு டவுன்ல சண்டை போடுறீங்க, சரி, போடுங்க. கறந்தவளுக்கு லிட்டருக்கு என்ன கெடைச்சுதுன்னும் சேர்த்துக் கேளுங்க.

கோடியில கலசம் எடுக்கிற இடத்துலயே அந்தக் கிழவிக்கும் ஒரு சிலை வெச்சிருக்காங்களே, அதுக்காகவே அந்த மலை எனக்குப் பெருசு. அடுத்த தடவை போனா செல்ஃபி எடுக்க எங்க நிக்கிறீங்கன்னு பாருங்க. பெரும்பாலும் அவளைக் கவனிக்காமத்தான் நிப்பீங்க.