கணக்கில் வராத பெண்பிள்ளை





சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானால் வீட்டுக்கு வீடு அதே பேச்சுத்தான். "எங்கட ஸ்கூல்ல இந்த முறை 100க்கு 90ஆம்" என்று மகிழ்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்த 100இல் யாரை எண்ணினார்கள்? பரீட்சைக்குத் தோற்றியவர்களை மாத்திரமே. தரம் 9உடன் வீட்டில் நின்றுவிட்ட குமர்ப்பிள்ளை சித்தியடைந்தோரிலும் இல்லை, சித்தியடையாதோரிலும் இல்லை. அவளைப் பற்றிய கேள்வியே எழுவதில்லை.

எண்ணிப் பார்ப்பது நமது மார்க்கத்துக்குப் புதிதல்ல. இஸ்லாத்தை ஏற்றவர்களை எழுதித் தரும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும், 1,500 ஆண்களை எழுதிக் கொடுத்ததையும் ஹுதைபா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஒரு சமூகம் தன் நிலையை ஊகத்தால் அறிவதில்லை, எண்ணித்தான் அறிகிறது.

இன்று அந்த எண்கள் உங்கள் கைத்தொலைபேசிக்கே வருகின்றன. கல்வி அமைச்சு அரசாங்கப் பாடசாலைகளில் வருடாந்தம் தொகைமதிப்பு நடத்துகிறது. அமைச்சின் இணையத்தளத்தில் புள்ளிவிபரப் பகுதிக்குள் சென்று அதன் அறிக்கையைத் தேடுங்கள். அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

பார்க்கும் முறை இலகுவானது. ஒரு வருடத்தில் உங்கள் மாவட்டத்தில் தரம் 6இல் இருந்த மாணவிகளின் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடங்களுக்குப் பிந்திய அறிக்கையில் தரம் 11 மாணவிகளின் தொகையைப் பாருங்கள். இது பெரும்பாலும் அதே பிள்ளைகளின் கூட்டம். உதாரணத்துக்கு 1,000 என்பது 900 ஆகியிருந்தால், அந்த 100 பேர் எங்கே? ஆண்பிள்ளைகளுக்கும் அவ்வாறே பார்த்து ஒப்பிடுங்கள்.

உடனே "படிப்பை விட்டுவிட்டார்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சிலர் பெண்கள் அரபுக் கல்லூரிக்கோ தனியார் பாடசாலைக்கோ போயிருப்பர், சிலர் குடும்பத்துடன் இடம் பெயர்ந்திருப்பர். எண் கேள்வியைத்தான் தரும். பதிலை நாம்தான் தேடவேண்டும். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் பணிப்பதை மறந்துவிடலாகாது.

அடுத்து உங்கள் ஊரைப் பாருங்கள். அங்குள்ள பாடசாலை எந்த வகை? வகை 2 என்றால் தரம் 11உடன் முடிந்துவிடும். 1சீ என்றால் உயர்தரத்தில் கலை, வர்த்தகம் உண்டு, விஞ்ஞானம் இல்லை. விஞ்ஞானம் படிக்க 1ஏபி பாடசாலைக்கே போகவேண்டும். அது தூரத்தில் இருந்து, பஸ்ஸும் ஒழுங்காக இல்லையென்றால், மகள் நின்றதற்கு அவளது "விருப்பமின்மை" காரணமாக இருக்காது.

பாடசாலை மட்டத்து எண்களை அதிபரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கேட்பது பிள்ளைகளின் தொகையை மாத்திரம், பெயர்களை அல்ல. ஒரு வீட்டின் குறையை ஊரறியச் செய்வது நமது நோக்கமல்ல.

அந்தக் கடதாசியுடன் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். "பிள்ளைகள் குறைகிறார்கள்" என்று வெறுமனே சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள். "இத்தனை பேர் குறைகிறார்கள், ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும். பள்ளிவாசல் நிருவாகிகளிடமும் அதைக் கொடுங்கள். பஸ் கட்டணம்தான் தடையென்றால் ஸகாத் நிதியைப் பொறுப்பாக வைத்திருப்போர் தகுதியான குடும்பங்களைக் கவனிக்கலாம்.

நின்றுவிட்ட ஒரு பிள்ளையின் உம்மாவிடம் போய் அன்பாகப் பேசுங்கள். அந்த ஒருத்தி திரும்பவும் வகுப்பில் அமர்ந்தால் அட்டவணையில் ஓர் எண் கூடும். அல்லாஹ்விடத்தில் அதன் கூலி எவ்வளவு என்பதை அவனே அறிவான்.

நமது பெண்மக்களுக்குப் பயனுள்ள அறிவை வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.