நட்பும் உடைமையும்: ஓக்லன்ட் ஹிப் ஹொப் குழுவொன்றை முன்வைத்துச் சில கருத்துக்கள்

ஹிப் ஹொப் பற்றி எம்மிடையே இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. அது அமெரிக்க நுகர்வுப் பண்பாட்டின் கழிவு என்பர் ஒரு சாரார். ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களின் குரல் என்பர் மறுசாரார். எதிரெதிர் நிற்கும் இவ்விரு சாராரும் பாடலின் பொருளையே ஆராய்கின்றனர். பாடல் எவருடைய உடைமை என வினவுவாரில்லை. (உள்ளடக்கம் என்ற சொல்லின்மீது எமது திறனாய்வாளருக்குள்ள மோகம் தனியே ஆராயத்தக்கது.) அவ்வினாவை எழுப்பாதவரை ‘சுயாதீனக் குழு’ என்பது வெறும் விளம்பரத் தொடரே.

கலிபோர்னியாவின் ஓக்லன்ட் நகரத்து நண்பர் சிலர் கூடி அமைத்த ஹைரோகிளிபிக்ஸ் குழுவின் வரலாறு ஈண்டு நோக்கற்பாலது. அவர்களுள் டெல் என்பார் புகழ்பெற்ற ஐஸ் கியூப்பின் உறவினர். அவரது முதல் இசைத்தொகுப்பை 1991 இல் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்டது. நண்பர் நால்வரின் சோல்ஸ் ஒவ் மிஸ்சிவ் 1993 இலும், கஷுவல் 1994 இலும் ஜைவ் நிறுவனத்தின் மூலம் அறிமுகமாயினர். விமர்சகர் பாராட்டினர். ஆயினும் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இவ்விரு நிறுவனங்களும் இவர்களைக் கைவிட்டன. ‘அவர்கள் சுதந்திரப் பாதையைத் தேர்ந்தெடுத்தனர்’ என இன்று பெருமிதத்தோடு எழுதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளர் தமக்கென ஒரு பட்டறை அமைத்த கதை இது.

எலெக்ட்ரா வெளியிடாது விட்ட டெல்லின் தொகுப்பு கசெற்றாகத் தயாரிக்கப்பட்டு, குழுவின் இணையத்தளம் வாயிலாக இரசிகருக்கு நேரடியாக விற்கப்பட்டது. ஹைரோகிளிபிக்ஸ் இம்பீரியம் எனத் தமக்கென ஒரு வெளியீட்டு நிறுவனத்தையும் அவர்கள் நிறுவினர். மூன்று கண்களையுடைய அவர்தம் சின்னத்தை வரைந்தவரும் டெல்லே.

‘கம்பனி தேடித்தந்த புகழில்லாவிடின் அந்தக் கசெற்றை வாங்க எவர் வந்திருப்பர்?’ என ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சோல்ஸ் ஒவ் மிஸ்சிவ்வின் 1993 ஆம் ஆண்டுத் தொகுப்பே இன்றும் அவர்களுக்கு அடையாளம்; அதனைப் பரப்பியது கம்பனியின் விநியோக வலையே. ஆனால் அப்புகழுக்கு விலை கொடுத்தவர் யார்? கலைஞருக்குத் தரப்படும் முற்பணமும் ஒலிப்பதிவுச் செலவும் அவருக்குரிய பங்கிலிருந்தே கழிக்கப்படுவது இத்துறையின் வழமை. முழுவதும் கழிந்த பின்னரும் மூல ஒலிப்பதிவு பெரும்பாலும் கம்பனியிடமே தங்கிவிடும். ஈடு வைத்த காணியைக் கடன் தீர்ந்த பின்பும் திருப்பித் தராத வட்டிக்காரனை எமது கிராமங்கள் நன்கறியும். அவனைக் கலையின் புரவலன் என எவரும் அங்கு போற்றியதில்லை.

நண்பர்களது ஒற்றுமையே வெற்றிக்குக் காரணம் என்போருக்கும் ஒன்று கூறவேண்டும். நட்பு 1991 இலும் இருந்தது. ஆனால் நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்தது தனித்தனிப் பெயர்களோடு. டெல் ஒரு கம்பனியின் சரக்கு, கஷுவல் வேறொன்றின் சரக்கு. எல்லோரும் ஹைரோகிளிபிக்ஸ் என்ற ஒரே பெயரில் கூடிப் பாடிய முதலாவது தொகுப்பு 1998 இல்தான் வெளிவந்தது. அதனை வெளியிட்டது அவர்களுக்கே சொந்தமான நிறுவனம்.