ஒரு டம்ளரில் எத்தனை ஆர்சனிக்?

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1863-ல் எம்.டி. பட்டம் வாங்கிய மகேந்திரலால் சர்க்கார், நான்கே ஆண்டுகளில் ஹோமியோபதிக்கு மாறி சக டாக்டர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். அதே மனிதர்தான் 1876-ல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியவர். பவ்பஜாரில் இருந்த அதன் ஆய்வுக்கூடத்தில்தான் 1928-ல் சி.வி. ராமன், திரவ மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவதைக் கண்டார். அந்த மூலக்கூறுகளை எண்ண ஆரம்பித்தால், சர்க்காரின் இரண்டு காதல்களும் ஒத்துப்போவது கஷ்டம்.

கணக்கு பிரமாதமில்லை. 18 கிராம் தண்ணீரில் உள்ள மூலக்கூறுகள் 6,022-க்குப் பின் 20 சைபர்கள்: அவகாட்ரோ எண். 200 மில்லி டம்ளரில் தண்ணீரின் எடை 200 கிராம். அதை 18-ஆல் வகுத்து இந்த எண்ணால் பெருக்கினால், 67-க்குப் பின் 23 சைபர்கள்.

கோவிட் பரவத் தொடங்கிய 2020-ல் மத்திய ஆயுஷ் அமைச்சகம் நோய்த்தடுப்புக்குச் சிபாரிசு செய்த 'ஆர்சனிகம் ஆல்பம் 30'-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு ஆர்சனிக் ஆக்சைடை 99 பங்கு ஊடகத்தில் கலப்பார்கள். அதில் ஒரு பங்கை மறுபடி 99 பங்கில். இப்படி 30 தடவை. 198 கிராம் ஆக்சைடில் தொடங்கினாலும், 12-வது தடவையிலேயே ஒரு மூலக்கூறாவது மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மீதி 18 தடவையும் ஆல்கஹாலில் ஆல்கஹாலைக் கலக்கும் வேலைதான்.

சர்க்காரைக் குறை சொல்வது நியாயமல்ல. அவர் கட்சி மாறிய 1867-ல் இந்தக் கணக்குக்கே வயது இரண்டு. வியன்னாவில் லோஷ்மிட் மூலக்கூறின் அளவை மதிப்பிட்டது 1865-ல். சந்தேகப்பட்டவர்களை பெரன் பாரிஸில் வாயடைக்க வைத்தபோது சர்க்கார் உயிரோடில்லை. இன்றைய அமைச்சகத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது.

ஆர்சனிக்கை உண்மையிலேயே எண்ண வேண்டிய இடம் மேற்கு வங்கத்தின் அடிபம்பு. நிலத்தடி நீரால் வந்த ஆர்சனிக் தோல் நோயை கல்கத்தா டாக்டர்கள் அடையாளம் கண்டது 1980-களின் தொடக்கத்தில். குடிநீரில் இந்தியா அனுமதிக்கும் உச்ச வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த வரம்பிலேயே ஒரு டம்ளரில் சுமார் 16,000 லட்சம் கோடி ஆர்சனிக் அணுக்கள் இருக்கும். 42 கோடி தண்ணீர் மூலக்கூறுகளுக்கு ஒன்று. பல கிணறுகளில் இதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோலில் புள்ளிகள், உள்ளங்கையில் தடிப்பு, புற்றுநோய். நிறமில்லை, ருசியில்லை, வாசனையில்லை. பம்படியில் குடத்தோடு நிற்பவருக்குப் பரிசோதனைக்கூடம்தான் எண்ணிச் சொல்ல வேண்டும்.