டிரெய்லருக்கு மொட்டை டயர் போதுமா?

கரும்பு அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் ஆலைக்குப் போகும் சாலைகளில் டிராக்டர்களின் வரிசை நீண்டுவிடும். அந்த வரிசையில் பின்னால் இழுபடும் டிரெய்லர்களின் சக்கரங்களைக் கவனித்தால், பட்டன் அடியோடு தேய்ந்துபோன டயர்கள் பல கண்ணில் படும். சிலவற்றில் உள்ளே இருக்கும் நூலே வெளியில் தெரியும். லாரிக்கு உதவாது என்று கழித்த டயரை வாங்கி டிரெய்லருக்குப் போடும் வழக்கம்தான் இதற்குக் காரணம். மெதுவாகப் போகிற வண்டிதானே, இது போதும் என்பது பலருடைய எண்ணம். இந்த எண்ணம் மாற வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு மோட்டார் வாகனமாகவே கணக்கில் கொள்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆவது விதிப்படி, டயரின் பட்டன் ஆழம் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மி.மீட்டருக்கும், மற்ற வண்டிகளுக்கு 1.6 மி.மீட்டருக்கும் குறையக் கூடாது. 1.6 மி.மீ. என்பது ஒரு தீக்குச்சியின் தடிமனைவிடக் குறைவுதான். அவ்வளவுகூட இல்லாத டயரில் பல டன் பாரத்தை ஏற்றிச் செல்வது எப்படிச் சரியாகும்?

பட்டன் அழகுக்காக அமைந்ததல்ல. நனைந்த சாலையில் டயருக்கு அடியில் சேரும் நீரைப் பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களே வெளியேற்றுகின்றன. பள்ளம் இல்லாவிட்டால் டயர் தார்ச்சாலையைப் பற்றாமல் நீரின் மேல் வழுக்கும். டிராக்டர்களில் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. பல டிரெய்லர்களுக்குப் பிரேக்கே கிடையாது. ஆகவே முழுப் பாரத்தையும் நிறுத்த வேண்டிய பொறுப்பு டிராக்டரின் இரண்டு பின் டயர்கள் மீது விழுகிறது. அவையும் தேய்ந்திருந்தால், பிரேக் போட்டதும் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, வண்டி பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். வடகிழக்குப் பருவமழை ஓயும் முன்பே வெட்டு தொடங்கும் பகுதிகளில், வயல் சேறும் சாலையில் படிந்து ஆபத்தைக் கூட்டுகிறது. பாதிக்கப்படுவோர் கரும்புக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வரும் கூலியாட்களும், பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைகளுமே.

புது டயரின் விலை சிறு விவசாயிக்குச் சுமை என்பது உண்மை. ஆனால் வழியில் டயர் வெடித்தால் அன்றைய வண்டிக் கூலி போகிறது. வெட்டிய கரும்பு காய்ந்து எடையும் குறைகிறது. டிராக்டரின் பின் டயரில் கட்டை தேய்ந்தால் உழவில் சக்கரம் வீணாகச் சுற்றி டீசல் கூடுதலாகச் செலவாகும். புது டயர் வாங்க முடியாதவர்கள், உள் நூல் கெடாமல் பக்கவாட்டில் வெடிப்பு இல்லாமல் இருக்கும் டயருக்கு நல்ல பட்டறையில் ரீபட்டன் போட்டு டிரெய்லருக்குப் பயன்படுத்தலாம். டிராக்டரின் முன் சக்கரத்துக்கு அதை நம்பக் கூடாது.

காற்றையும் கவனிக்க வேண்டும். காற்று குறைந்தால் டயரின் இரு ஓரங்களும், கூடினால் நடுப்பகுதியும் சீக்கிரம் தேயும். குறைந்த காற்றில் அதிகப் பாரம் ஏற்றினால் டயர் சூடேறி வெடிக்கும்.

விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டன் கணக்கில் கூலி பேசும்போது, அதிகப் பாரம் ஏற்றும் ஆசையும் கூடவே வருகிறது. ஆலைகள் வெட்டு உத்தரவு தருவதற்கு முன்பே டிரெய்லர்களின் டயர்களைப் பார்வையிட வேண்டும். வண்டி வாடகை நிர்ணயிக்கும்போது டயர் தேய்மானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் டயர் மாற்றச் சிறு கடன் கொடுத்தால் அது வீண் போகாது. விபத்து நடந்த பிறகு அபராதம் போடுவதைவிடப் பருவத்துக்கு முன் ஒரு நாள் சோதனை நடத்துவது மேல்.

மாட்டு வண்டிக் காலத்தில் கடையாணியைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் வண்டியைக் கிளப்பியதில்லை. டிராக்டர் வந்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை. புறப்படுமுன் ஒரு முறை குனிந்து டயரைப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.