கோழிக்கூண்டின் கூரையைத் தொட்டுப் பாருங்கள்

கத்திரி வெயிலில் கோழி செத்தால் உடனே "கழிச்சல் வந்துவிட்டது" என்கிறோம். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி அவசியம்தான். ஆனால் காலையில் நன்றாக மேய்ந்த கோழி பிற்பகலில் கூண்டுக்குள் வாயைப் பிளந்து செத்துக் கிடந்தால், அதுவும் கொழுத்த கோழியாகப் போனால், முதலில் கூண்டின் கூரையைத் தொட்டுப் பாருங்கள்.

நான் பயிர் ஆராய்ச்சி செய்பவன். கோழி விஷயத்தில் எனக்குப் புத்தி வந்தது சொந்த வீட்டில்தான். நாய்க்கும் கீரிக்கும் பயந்து, நான்கு பக்கமும் பலகை அடைத்து, மேலே தகரம் போட்டு ஒரு கூண்டு செய்தேன். அம்மாவின் ஐந்து கோழிகளில் இரண்டு ஒரே மதியத்தில் போயின. அதில் ஒன்று அடைக்கோழி. பழைய பஞ்சாரத்தைத் தூக்கிப் போட்டதும் நான்தான்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். கொண்டை, தாடி வழியாகக் கொஞ்சம் சூடு வெளியேறும்; வெயில் ஏறிவிட்டால் மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்ள வேண்டும். இரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. கோடையில் முட்டை ஓடு மெலிவதற்கு இது முக்கியக் காரணம்.

இதனால்தான், காற்றோட்டமில்லாத கூண்டுக்குள் ஈரச்சாக்கு தொங்கவிடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. உள்ளே ஈரம் ஏறினால் இரைத்தும் சூடு தணியாது. சாக்கைக் காற்று வரும் பக்கம் கட்டி, எதிர்ப்பக்கம் வலை மட்டும் அடியுங்கள். தகரத்தின் மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ பரப்புங்கள். முடியாவிட்டால் சுண்ணாம்பாவது அடியுங்கள்.

தின்ற இரை செரிக்கும்போதும் உடலில் சூடு பிறக்கும். கம்போ குருணையோ விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள். தண்ணீர் மட்டும் நாள் முழுவதும், மண்சட்டியில், நிழலில், இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். வெயிலில் கொதித்த தண்ணீரைக் கோழி ஒதுக்கும்.

விரிவாக்கப் பணியாளர்களே, குஞ்சும் ஊசியும் கொடுத்ததோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. மார்ச்சிலேயே போய்க் கூண்டைப் பாருங்கள். நாலு கோழிதானே என்று இளக்காரம் வேண்டாம். வீட்டுப் பெண்கள் யாரையும் கேட்காமல் எடுத்துச் செலவு செய்கிற காசு பெரும்பாலும் அந்த முட்டைக் காசுதான்.

கோழி துவண்டுவிட்டால் நிழலுக்குக் கொண்டுபோய்க் கால்களையும் கொண்டையையும் நனையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். தலை தொங்கும் கோழியின் வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்; அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிமிர்ந்ததும் சட்டியை முன்னால் வையுங்கள், தானே குடிக்கும்.